குளியலறைப் போத்தலில் பூஞ்சணம்: ஸ்கிரப் எங்கே கெட்டது, எப்படிச் செய்தால் நிற்கும்?

கேள்வி: சீனி, தேங்காய் எண்ணெய், காலையில் காப்பி வடித்த மண்டி, ஒரு எலுமிச்சம்பழச் சாறு எல்லாம் கலந்து உடம்புக்கு ஸ்கிரப் செய்து குளியலறையில் வைத்திருந்தேன். ஒரு வாரத்தில் புளித்த வாடை, மேலே வெள்ளையாகப் பூஞ்சணம். இரண்டு முறை தேய்த்ததற்கே முன்கையில் பழுப்புத் திட்டுகள் விழுந்துவிட்டன. கழுத்துக் கருப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. பேசாமல் நலங்கு மாவுக்கே திரும்பிவிடலாமா? நன்றாக வந்தால் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறோம் என்கிறார்கள் தோழிகள். விற்கலாமா?
— ஒரு வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: அந்தப் போத்தலை அப்படியே மூடிக் குப்பையில் போட்டுவிடுங்கள். மேலே பூத்ததை வழித்துவிட்டு மிச்சத்தைத் தேய்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் வெள்ளைக்குக் கீழே பூஞ்சண இழைகள் இறங்கியிருக்கும். ஸ்கிரப் தேய்க்கும்போது தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுவதால், கிருமி உள்ளே போக வழி கிடைத்துவிடும்.

சீனியிலோ எண்ணெயிலோ தானாகப் பூஞ்சணம் பிடிப்பதில்லை. உங்கள் கலவையைக் கெடுத்தது தண்ணீர். வடித்த மண்டியில் பாதிக்கு மேல் தண்ணீர்தான் இருக்கும். எலுமிச்சைச் சாறும் ஏறக்குறைய முழுக்கத் தண்ணீர். சீனி போட்டால் ஜாம் கெடாதே என்று கேட்கலாம். ஜாமில் சீனி தண்ணீரில் கரைந்து, கிருமிக்கு எட்டாதபடி அந்தத் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. ஸ்கிரப்பில் சீனியைச் சுற்றி எண்ணெய் படிந்துவிடுவதால், மண்டியிலிருந்து கசியும் தண்ணீர் அங்கங்கே தனியாகத் தேங்கும். ஈஸ்ட்டுக்கும் பூஞ்சணத்துக்கும் அது போதும். இதற்கு மேல் பினாங்குக் காற்றின் ஈரம், வெந்நீர் ஆவி, குளித்துக்கொண்டே ஈரக் கையைப் போத்தலுக்குள் விடும் பழக்கம். வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்து ஊற்றினால் கெடாது என்று பலர் நம்புகிறார்கள். அது எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் தடுக்கும், கிருமியைத் தடுக்காது.

ஆகவே விதி ஒன்றுதான்: போத்தலுக்குள் எண்ணெயும் உலர்ந்த பொருளும் மட்டும் போகலாம். தயிர், பால், தேன், கற்றாழை, வெள்ளரி, பழச்சாறு எதுவானாலும் குளிக்கப்போகும் நேரத்தில், அன்றைக்குத் தேவையான அளவோடு மட்டும் கலக்க வேண்டும். ஐஸ்பெட்டியில் வைத்தாலும் ஈரக் கலவையை மறுநாளுக்கு மேல் நம்பாதீர்கள்.

திட்டுகளுக்குக் காரணம் எலுமிச்சை. அதன் தோலிலும் சாற்றிலும் ஃபியூரனோகூமரின் என்ற பொருள்கள் இருக்கின்றன. அவை தோலில் இருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால், தோல் உள்ளே வெந்துபோகும். ஒன்றிரண்டு நாளில் சிவக்கும், சிலருக்குக் கொப்புளமும் வரும். பிறகு அது ஆறிப் பழுப்பாக நிற்கும். சாறு வழிந்த கோட்டிலேயே, விரல் பட்ட வடிவிலேயே திட்டு விழுவது இதன் அடையாளம். உங்கள் முன்கையில் அப்படிக் கோடாக இருக்கிறதா பாருங்கள். சில வாரங்கள், சில சமயம் சில மாதங்கள் கழித்துத் தானாக மங்கும். அதுவரை அந்த இடத்தைத் தேய்க்காமல், வெளியே போகும்போது சன்ஸ்கிரீன் போடுங்கள், அல்லது முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கொப்புளம் வந்திருந்தால் கிளினிக்குக்குப் போவதுதான் சரி. சாறு ஊற்றுவதில் தோலுக்கு லாபமும் இல்லை. தோலின் அமிலத்தன்மை 5 பிஎச் அருகில் இருக்க, எலுமிச்சைச் சாறு 2 முதல் 3 வரை (எண் குறையக் குறைய அமிலம் கூடும்). லீமாவ் கஸ்தூரி என்று சொல்லும் சின்ன எலுமிச்சை, தோல் சுருங்கிய லீமாவ் பூருட் எல்லாம் இதே குடும்பம்தான், எதுவும் வேண்டாம். சமையல் சோடாவும் வேண்டாம், அது எதிர்ப்பக்கம் இழுக்கும்.

காப்பி வேண்டுமென்றால் போடலாம், ஆனால் எந்தக் காப்பி என்பது முக்கியம். காப்பிக்கடைகளில் ஓடும் நம்மூர்த் தூளில், கொட்டையை வறுக்கும்போதே சீனியும் மார்ஜரினும் சேர்த்திருப்பார்கள். அதன் மண்டி பிசுபிசுக்கும், காயவே காயாது, துண்டிலும் கறை பிடிக்கும். எதுவும் சேராமல் வறுத்த தூளின் மண்டியாகப் பார்த்து எடுங்கள். அதைத் துணியில் கட்டிப் பிழிந்து, பேக்கிங் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, ஓவனில் 100 டிகிரியில் 40 நிமிடம் வையுங்கள். நடுவில் இரண்டு முறை கிளறிவிட்டு, கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் ஆவி வெளியேறும். விரலிடுக்கில் வைத்தால் மணல்போலத் தனித்தனியாக உதிர வேண்டும். உருண்டை பிடித்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

இனிச் சீனி ஸ்கிரப். ஒரு சின்னப் போத்தலுக்கு காஸ்டர் சீனி (பொடிப் படிகச் சீனி) 200 கிராம், தேங்காய் எண்ணெய் 50 கிராம், கொக்கோ வெண்ணெய் 20 கிராம், விருப்பமிருந்தால் உலர்ந்த காப்பி மண்டி 15 கிராம். சாதாரணச் சீனியின் படிகம் பெரிது, முனையும் கூர்மை. அதைக் கால் பாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொக்கோ வெண்ணெய் எதற்கு என்றால், தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உருகிவிடும். குளிர் நாட்டுக் குறிப்புகளில் கெட்டியாக நிற்கும் கலவை இங்கே எண்ணெய் மேலும் சீனி கீழுமாகப் பிரிவது அதனால்தான். கொக்கோ வெண்ணெய் உருக 34 டிகிரிக்கு மேல் வேண்டும், ஆகவே கலவை பிரிவதைக் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் தேங்காய் எண்ணெயோடு கலந்தபின் அது அந்தச் சூடு வரை கெட்டியாக நிற்காது. கேக் சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

எண்ணெயையும் வெண்ணெயையும் ஒரு கிண்ணத்தில் போட்டு, அதை வெந்நீர்ச் சட்டியின் மேல் வைத்து உருக்குங்கள். கிண்ணத்துக்குள் ஒரு சொட்டு ஆவித் தண்ணீர்கூட விழக் கூடாது. இறக்கி, ஐஸ்பெட்டியில் பத்து நிமிடம் வைத்தால் ஓரம் வெண்மையாக மங்கத் தொடங்கும். சீனி போட வேண்டிய நேரம் அதுதான். சூட்டோடு போட்டால் சீனி அடியில் தங்கிவிடும். இறுகும்வரை காத்திருந்தால் கட்டி கட்டியாகும். கைக்கு ஈரச் சீனிபோல் அள்ள வரும் பதம் சரி. எண்ணெய் மேலே மிதந்தால் இரண்டு கரண்டி சீனி கூடுதலாகப் போடுங்கள். வாசனைக்கு எசென்ஷியல் எண்ணெய் வேண்டுமென்றால் இந்த அளவுக்குப் பத்துச் சொட்டு தாராளம். பட்டை எண்ணெயும் கிராம்பு எண்ணெயும் தோலை எரிக்கும், அவற்றைத் தொடாதீர்கள். பினாங்கு ஜாதிக்காய்த் தைலம் வீட்டில் இருக்கிறதே என்று அதை ஊற்றவும் வேண்டாம். அது வலிக்குத் தடவும் காரமான சரக்கு.

போத்தலை வெந்நீரில் கழுவி முழுக்கக் காயவைத்து நிரப்பி, குளியலறைக்கு வெளியே வையுங்கள். குளிக்கப் போகும்போது உலர்ந்த கரண்டியால் இரண்டு மேசைக்கரண்டி எடுத்துக் கிண்ணத்தில் கொண்டுபோனால் போதும். இப்படி வைத்தால் இரண்டு மாதம் கவலையில்லை. ஒன்று சொல்ல வேண்டும்: இந்த எண்ணெய் தரையில் படிந்தால் மொசைக் வழுக்கும். ரப்பர் பாய் போட்டுக்கொண்டு தேய்த்துவிட்டு, பாத்திரம் கழுவும் திரவத்தால் தரையைக் கழுவிவிடுங்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் எண்ணெய் ஸ்கிரப்பே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

நம் தட்பவெப்பத்துக்குப் பொருத்தம் நலங்கு மாவுதான். தேவைப்படும்போது மட்டும் தண்ணீரைப் பார்க்கிற பொடி அது. பயற்றம்மாவு எண்ணெய்ப் பிசுக்கையும் எடுத்துக்கொண்டு போகும், தரையும் அவ்வளவாக வழுக்காது. அரைக் கிலோ அளவுக்கு: பச்சைப்பயறு 250 கிராம், கடலைப்பருப்பு 100, பச்சரிசி 50, பூலாங்கிழங்கு 25, உலர்ந்த ரோஜா இதழ் 25, ஆவாரம்பூ 25, வெட்டிவேர் 20, கஸ்தூரி மஞ்சள் 15. லிட்டில் இந்தியாவில் கடைத்தெருப் பக்கம் நாட்டுமருந்து வைத்திருக்கும் மளிகைக்கடைகளில் கேளுங்கள். மஞ்சளைத் தூளாக வாங்காமல் கிழங்காக வாங்குவது நல்லது. கஸ்தூரி மஞ்சளில் கற்பூர வாடை அடிக்கும், சமையல் மஞ்சள் அளவுக்குக் கறை பிடிக்காது. கறி மஞ்சளைத் தூளாக்கிக் கஸ்தூரி என்று கொடுத்தால், உள்ளங்கையும் துண்டும் காட்டிக்கொடுத்துவிடும்.

பழைய பட்டியல்களில் கார்போக அரிசி என்ற மூலிகை விதையும் இருக்கும். கடைக்காரர் தானாகவே சேர்த்துக் கட்டிக்கொடுத்துவிடுவார், அதனால் முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் இருக்கும் சொராலென், எலுமிச்சையில் உங்களைச் சுட்ட அதே குடும்பத்துப் பொருள். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அதைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போவது வம்பை விலைக்கு வாங்குவது.

பருப்பைக் கழுவாமல், கல் மண் பொறுக்கிவிட்டுக் காயவையுங்கள். மழை மாதங்களில் வெயிலை நம்ப முடியாது. ஓவனில் 60, 70 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் பருப்பு நொறுங்குகிற பதத்துக்கு வரும். அதற்கு மேல் சூடு ஏறினால் வறுபட்டுப் பூவின் மணம் போய்விடும். வெட்டிவேரைக் கத்தரிக்கோலால் அரை அங்குலத்துக்கு நறுக்காமல் போட்டால் மிக்ஸி பிளேடில் சுற்றிக்கொள்ளும். கிழங்குகளை உரலில் நன்றாகத் தட்டிப் போடுங்கள், முழுசாகப் போட்டால் ஜார் உடையும். பத்து வினாடி அரைத்து நிறுத்தி, மறுபடி அரைக்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் சூடேறி மாவு வியர்க்கும், அந்த ஈரத்தோடு அடைத்தால் கட்டி பிடித்து வண்டு வரும்.

மில்லில் கொடுத்து அரைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். உங்களுக்கு முன்னால் மிளகாய் அரைத்திருந்தால், உடம்பில் தேய்த்த அடுத்த நிமிடமே தெரியும். முதலில் இரண்டு கைப்பிடி அரிசியைப் போட்டு ஓட்டச் சொல்லி, அந்த மாவை ஒதுக்கிவிட்டு உங்கள் சாமானைப் போடச் சொல்லுங்கள். குழந்தைக்கு என்றால் வீட்டு மிக்ஸியே மேல்.

அரைத்ததைக் காகிதத்தில் பரப்பி ஆறவிட்டு, மாவுச் சல்லடையில் இரண்டு தரம் சலிக்க வேண்டும். வெட்டிவேர் நார் ஊசிபோலக் குத்தும் என்பதால் இதில் சோம்பல் கூடாது. முகத்துக்கு வேண்டுமானால் மூன்றாம் தரம் மெல்லிய வேட்டித் துணியில் சலியுங்கள். காற்றுப் புகாத போத்தலில் மூன்று மாதம் இருக்கும். அடைத்த போத்தலை நான்கு நாள் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் வண்டு முட்டை சாகும், ஆனால் அறைச் சூட்டுக்கு வந்தபிறகே மூடியைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த மாவில் வியர்த்துவிடும்.

இரண்டு மேசைக்கரண்டி மாவுக்கு அதே அளவு தண்ணீரோ தயிரோ விட்டுக் குழைத்து, நனைந்த உடம்பில் பூசி, ஐந்து நிமிடத்தில் கையை நனைத்துக்கொண்டு வட்டமாகத் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்து இறுகியபின் உரித்துத் தேய்ப்பவர்கள் அதிகம். முடியைப் பிடித்து இழுத்துத் தோலைக் கீறுவது அந்தக் கட்டத்தில்தான். தண்ணீர் போகும் துளையில் வலை போடாவிட்டால் மாவு அடைத்துக்கொள்ளும்.

எந்தக் கலவையானாலும் முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு முறை. சவரம் செய்த அன்றும், பத்து பெரிங்கி கடற்கரைக்குப் போகும் அன்றும் வேண்டாம். குளித்த ஈரத்தோடு மாய்சரைசர் தடவினால் பலன் நிற்கும். முதுகுப் பரு, வேர்க்குரு, எக்சிமா, தேமல் இருக்கும் இடத்தில் தேய்க்கவே கூடாது. தேமலுக்குக் காரணமான ஈஸ்ட் எண்ணெயில்தான் பெருகும், தேங்காய் எண்ணெய் தடவுவது அதற்குத் தீனி போடுவது. அதற்கு மருந்தகத்தில் கிடைக்கும் பூஞ்சண எதிர்ப்புக் களிம்பைப் பார்மசிஸ்ட்டைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

கழுத்துக் கருப்பைப் பற்றிக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். தொட்டால் வெல்வெட்போலத் தடித்து, மடிப்பு மடிப்பாகக் கருத்து, அக்குளிலும் அப்படியே இருந்தால், அது அழுக்காக இருக்க வாய்ப்பில்லை. இரத்தத்தில் இன்சுலின் கூடுதலாக இருக்கும்போது தோல் இப்படித் தடிக்கும். எத்தனை ஸ்கிரப் போட்டாலும் போகாது, தேய்க்கத் தேய்க்க இன்னும் கருக்கும். மலேசிய இந்தியர்களிடம் நீரிழிவு மற்ற இனத்தாரைவிட அதிகம். அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். போய்க் கழுத்தைக் காட்டி, சர்க்கரைப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஸ்கிரப்புக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை இதுதான்.

விற்பனைக்கு வருவோம். தோழிகளுக்குச் சும்மா கொடுப்பது வேறு. காசுக்கு விற்கும்போது அது அழகுசாதனப் பொருளாகிறது. மலேசியாவில் அதைச் சந்தைக்குக் கொண்டுவருமுன் என்பிஆர்ஏ என்ற தேசிய மருந்தியல் ஒழுங்குமுறை அமைப்பில் அறிவிப்பு செய்திருக்க வேண்டும். சமையலறையில் செய்தது, இணையத்தில் மட்டும் விற்பது என்றெல்லாம் விலக்கு இல்லை. தேமல் போக்கும், எக்சிமா ஆற்றும் என்று லேபிளில் எழுதினால் அது மருந்துக்கான உரிமைகோரலாகிவிடும், விதிகள் இன்னும் இறுகும். தோழிகளுக்குக் கொடுப்பதாக இருந்தாலும் என்னென்ன போட்டீர்கள், எந்தத் தேதியில் அரைத்தீர்கள் என்று ஒரு சீட்டு ஒட்டிக் கொடுங்கள். பருப்போ மஞ்சளோ ஒத்துக்கொள்ளாதவர் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.