அணையிலிருந்து அனுமன்தீர்த்தம் வரை: ஒருவர் நடக்க, ஒருவர் மிதிக்க

கேள்வி: நானும் என் கணவரும் கிருஷ்ணகிரியில் வசிக்கிறோம். எனக்கு 54 வயது. சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். தினமும் காலையில் 5 கிலோமீட்டர் நடக்கிறேன். என் கணவருக்கு வயது 59. அவருக்கு நடையைவிட மிதிவண்டிதான் பிரியம். எனக்கும் மிதிவண்டி ஓட்டத் தெரியும், ஆனால் விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. கே.ஆர்.பி. எனப்படும் கிருஷ்ணகிரி அணையில் தொடங்கி, தென்பெண்ணைக் கரையோரமாகவே அனுமன்தீர்த்தம் வரை போய், அங்கே குளித்துவிட்டுத் தீர்த்தமலை ஏற வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. மூன்று நாட்கள் போதுமா? எந்த மாதம் ஏற்றது? ஒருவர் நடந்தும் ஒருவர் மிதிவண்டியிலுமாகச் சேர்ந்து போக இயலுமா?

பதில்: மூன்று நாட்கள் போதாது, ஆறு நாட்கள் வைத்துக்கொள்ளுங்கள். தை, மாசி மாதங்கள் ஏற்றவை. சேர்ந்து போவது இயலும், ஆனால் நீங்கள் நினைத்திருக்கும் விதத்தில் அல்ல. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் 'கரையோரமாகவே' என்ற சொல்லை உங்கள் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அணையிலிருந்து அனுமன்தீர்த்தம் வரை ஆற்றை ஒட்டித் தொடர்ச்சியாகச் செல்லும் பாதை என்று ஒன்று இல்லை. கொஞ்ச தூரம் நல்ல வண்டிப்பாதை இருக்கும்; பிறகு அது யாரோ ஒருவருடைய தென்னந்தோப்பின் வேலியில் போய் முட்டும், அல்லது ஓடை வந்து ஆற்றில் கலக்கும் இடத்தில் அறுந்துவிடும், அல்லது சீமைக்கருவேலம் அடர்ந்து ஆள் நுழைய முடியாதபடி மூடிக்கிடக்கும். அப்போது ஊர்ச் சாலைக்கு ஏறி, அடுத்த ஊரில் மறுபடியும் ஆற்றுக்கு இறங்க வேண்டியிருக்கும். இப்படி ஏறி இறங்கிப் போனால் மொத்தம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வழியை நான் எப்போதும் பாலங்களையும் அணைக்கட்டுகளையும் கொண்டுதான் அளப்பேன். பாலம் இருக்கும் இடத்தில் சாலை இருக்கும். சாலை இருந்தால் பேருந்து வரும். பேருந்து நிற்கும் இடத்தில் தேநீர்க் கடையும் குடிதண்ணீரும் கிடைக்கும். அக்கரை வழி நன்றாக இருந்தால் மாறிக்கொள்ளவும் அங்கேதான் முடியும். ஆகவே ஒவ்வொரு நாளையும் பாலத்தில் அல்லது பேருந்து வரும் ஊரில் முடியுமாறு பிரியுங்கள். முதல் நாள் அணையிலிருந்து காவேரிப்பட்டணம், இரண்டாம் நாள் நெடுங்கல் அணைக்கட்டு, அடுத்த இரண்டு நாட்களில் இருமத்தூர், ஐந்தாம் நாள் ஈச்சம்பாடி அணைக்கட்டு, ஆறாம் நாள் அனுமன்தீர்த்தம். நாளொன்றுக்கு 12 முதல் 16 கிலோமீட்டர் வரும். இடையில் தங்கும் விடுதிகளை நம்பிப் போகாதீர்கள். அன்றன்றே பேருந்தில் வீடு திரும்பி, மறுநாள் விட்ட இடத்திலிருந்தே தொடங்குவதுதான் உங்கள் வயதுக்கும் மாத்திரைக்கும் பொருந்தும். அரசு நகரப் பேருந்தாக இருந்தால் உங்களுக்குக் கட்டணமும் இல்லை; கணவர்தான் சீட்டு வாங்க வேண்டும். மிதிவண்டியை அந்தந்த ஊரில் தெரிந்தவர் வீட்டிலோ, பழக்கப்பட்ட பஞ்சர் கடையிலோ விட முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். ஆறு நாட்களும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதில்லை. மூன்று வார இறுதிகளில் முடித்தாலும் ஆறு அதே ஆறுதான்.

முதல் நாளுக்கு ஒரு குறிப்பு. அணையிலிருந்து இடது, வலது என இரண்டு பாசனக் கால்வாய்கள் பிரிந்து செல்கின்றன. கால்வாய் நீர் தானாக ஓட வேண்டும் என்பதற்காகச் சரிவை மிக மெல்லியதாக வைத்து வெட்டியிருப்பார்கள்; அதனால் அதன் கரைமேல் பாதை இருக்கும் இடங்களில் ஏற்ற இறக்கமே தெரியாது. நெல் வயலும் தென்னையும் பக்கத்தில் வர, நடப்பவருக்கும் மிதிப்பவருக்கும் ஒரேபோல் சுகமான வழி அது. ஆற்றங்கரையைவிட நன்றாகவே இருக்கும். கரையில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். பட்டா நிலத்தின் வரப்பில் கேட்காமல் மிதிவண்டி ஏற்றுவது மட்டும் வேண்டாம். ஈர வரப்பு சக்கரத்தில் உடையும், உடைந்தால் இரவோடு இரவாக ஒரு வயலின் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும்.

இனிச் சேர்ந்து போவது. நீங்கள் மணிக்கு 4 கிலோமீட்டர் நடப்பீர்கள். அவர் மண் பாதையிலும் 12 கிலோமீட்டர் மிதிப்பார். உங்களுக்குப் பக்கத்திலேயே மெதுவாக மிதிக்க அவர் முயன்றால் அரை மணி நேரத்தில் இருவருக்கும் எரிச்சல் வந்துவிடும், வண்டியும் தள்ளாடும். அதற்குப் பழைய உபாயம் ஒன்று உண்டு. இரண்டு பேருக்கு ஒரே ஒரு மிதிவண்டி. அவர் முதலில் மூன்று கிலோமீட்டர் மிதித்துப் போய், பேசிவைத்த இடத்தில் மரத்தோடு சேர்த்து வண்டியைப் பூட்டிவிட்டு நடக்கத் தொடங்குவார். நீங்கள் நடந்து வந்து பூட்டைத் திறந்து மிதிப்பீர்கள்; வழியில் அவரைத் தாண்டுவீர்கள்; தாண்டி மூன்று கிலோமீட்டர் கழித்து நீங்கள் பூட்டிவிட்டு நடப்பீர்கள். 15 கிலோமீட்டரை முழுக்க நடந்தால் மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும். இப்படி மாறி மாறிப் போனால் பாதி நடை, பாதி மிதி என்று ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் இருவருமே போய்ச் சேரலாம். ஒருவருக்கொருவர் ஒவ்வொரு சுற்றிலும் கைகாட்டிக் கடந்து போவதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. இதற்குக் குறுக்குக் கம்பி இல்லாத சட்டமும், ஒரே பூட்டுக்கு இரண்டு சாவிகளும் தேவை. இருக்கைத் தண்டில் இருவர் உயரத்துக்கும் தகுந்தபடி இரண்டு நிறங்களில் ஒட்டுநாடா சுற்றிவைத்தால், ஒவ்வொரு முறையும் உயரத்தைத் தேட வேண்டியதில்லை. மிதி கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும் உயரம்தான் சரியானது. நீங்கள் மறுபடி பழகுவதற்கு, புறப்படும் முன் ஒரு மாதம் தெருவில் ஓட்டிப் பாருங்கள். அது ஒத்துவராது என்றால் அவர் பையைச் சுமந்து முன்னே போய்ப் பாலத்தில் காத்திருக்கட்டும். நெடுங்கல் நாளில் பாரூர் பெரிய ஏரியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வரவும் அவருக்கு நேரம் இருக்கும். நெடுங்கல்லில் தடுக்கும் தென்பெண்ணைத் தண்ணீர்தான் அந்த ஏரிக்குப் போகிறது.

இந்த வழியில் மிதிவண்டிக்கு ஒரே எதிரி சீமைக்கருவேல முள். ஒருமுறை நெடுங்கல்லுக்குக் கீழே என் பின்சக்கரம் இறங்கியது. புது டியூப் மாட்டினேன்; இருநூறு மீட்டர் போவதற்குள் அதுவும் இறங்கியது. டயருக்குள் விரலை விட்டுத் தடவியும் எதுவும் தட்டுப்படவில்லை. பக்கத்து வயலில் இருந்த பெரியவர் துண்டின் நுனியை டயரின் உட்புறம் சுற்றிலும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். ஓரிடத்தில் நூல் சிக்கியது. அரிசி நொய் அளவுக்கு முள் முனை ஒன்று ரப்பருக்குள் உடைந்து நின்றிருந்தது. ஆகவே பஞ்சர் ஒட்டும் சாமான்கள், இரண்டு டியூப்கள், கைப்பம்பு ஆகியவற்றோடு ஒரு சிறிய இடுக்கியும் பஞ்சும் வைத்துக்கொள்ளுங்கள். டயர் அகலமாக இருப்பது நல்லது, மணலில் புதையாது. வேலி வெட்டிப் போட்டிருக்கும் இடத்தில் இறங்கித் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஆற்றை நம்ப வேண்டாம். பெங்களூருப் பக்கத்துக் கழிவுநீர் தென்பெண்ணையில் கலந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் செய்தியை நீங்களே படித்திருப்பீர்கள். காய்ச்சினால் கிருமிதான் சாகும், இரசாயனம் போகாது. நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013 முதல் காவிரி நீர் கிடைக்கிறது. ஆறு நாட்கள் கிணற்று நீர் குடிப்பதால் பல்லும் எலும்பும் கெட்டுவிடாது என்றாலும், கடைகளில் 'ஒகேனக்கல் தண்ணி இருக்கா?' என்று கேட்டு நிரப்பிக்கொள்ளுங்கள். ஒருவருக்கு இரண்டு லிட்டராவது கையில் இருக்கட்டும். வியர்வையில் போகும் உப்புக்கு மோர் போதும். காவேரிப்பட்டணத்தில் நிப்பட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் நாள் முழுக்கக் கொறிக்கலாம்.

உங்கள் சர்க்கரையைப் பற்றி நான் கவலைப்படுவது ஒரே இடத்தில்தான். கிளிமெபிரைடு வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு நீண்ட நடையில் சர்க்கரை திடீரென இறங்கலாம். மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தால் அந்த அபாயம் மிகக் குறைவு. எது உங்களுடையது என்று மருத்துவரிடம் காட்டி, நடக்கும் நாட்களுக்கான அளவைக் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். நீங்களாகக் குறைக்க வேண்டாம். கை நடுக்கம், குளிர் வியர்வை, காரணமில்லாத எரிச்சல் தோன்றினால் உடனே உட்கார்ந்து மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். அறிகுறி என்னவென்று கணவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறை ஓய்வெடுக்கும்போதும் காலணியை அவிழ்த்துப் பாதத்தைப் பாருங்கள். ஆற்று மணல் செருப்பிலும் காலணியிலும் புகுந்து உரசி, வலியே தெரியாமல் கொப்புளம் ஆக்கிவிடும். உள்ளே தையல் உரசாத காலுறை இரண்டு ஜோடி, பழகிய காலணி, இவை போதும். இந்தப் பயணத்துக்கென்று புதுக் காலணி வாங்காதீர்கள்.

மாதத்தைப் பற்றி. ஐப்பசி, கார்த்திகையில் வேண்டவே வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெங்கல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதும் தென்பெண்ணை கரைபுரண்டதும் நினைவிருக்கும். தையில் காலைப் பனியும் இதமான வெயிலும் உண்டு. காலை ஆறரைக்குத் தொடங்கிப் பதினோரு மணிக்குள் முடித்துவிடலாம். எந்த மாதமானாலும் முந்தின நாள் செய்தித்தாளில் அணை நிலவரத்தைப் பாருங்கள். கே.ஆர்.பி. அணையின் முழு உயரம் 52 அடி. மட்டம் 50-ஐ நெருங்கி, மேலே கெலவரப்பள்ளியிலும் நீர் திறந்திருக்கிறார்கள் என்றால் அன்று ஆற்றுப் பக்கம் இறங்காதீர்கள். வறண்டு தெரியும் நாளிலும் ஆற்றுக்குள் நடப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. மணல் அள்ளிய குழிகள் முழங்கால் தண்ணீரின் அடியில் ஆள் ஆழத்துக்கு இருக்கும்.

தெருநாய் கடித்தால் பதினைந்து நிமிடம் சோப்பு போட்டு ஓடும் நீரில் கழுவி, அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், அசையாமல் வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், பயந்துகொண்டே நடக்க வேண்டியதில்லை.

கடைசி நாள். அனுமன்தீர்த்தத்தில் முழுகிவிட்டுத் தீர்த்தமலை ஏறுவதுதான் வழக்கம். அனுமன் கொண்டுவரத் தாமதமான தீர்த்தம் இங்கே விழுந்ததென்றும், அதற்குள் இராமர் அம்பெய்து மலைமேல் வேறொரு தீர்த்தம் வரவழைத்துவிட்டார் என்றும் தலபுராணம் சொல்லும். தெளிவாக ஓடும் நீராக இருந்தால் மட்டும் ஓரமாக நின்று தலைக்கு ஊற்றிக்கொள்ளுங்கள். தேங்கிய நீரில் வேண்டாம், காலில் கொப்புளம் இருந்தால் அறவே வேண்டாம். அன்றே மலையேறவும் வேண்டாம். 15 கிலோமீட்டர் நடந்த கால்கள் படிகளில் ஏறிவிடும். இறங்கும்போதுதான் முழங்கால் நடுங்கும். மறுநாள் காலை அரூர் வழியாகப் பேருந்தில் வந்து, வெயில் ஏறும் முன் மலைக்குப் போங்கள். சுற்றிலும் காப்புக்காடு என்பதால் படிப் பாதையை விட்டு விலக வேண்டாம். மேலே இராமர் தீர்த்தத்தில் குளிக்க மாற்றுத் துணி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். குரங்குகள் இருக்கும், மிச்சமுள்ள நிப்பட்டை மட்டும் கீழேயே முடித்துவிடுங்கள்.