சுரக்கும் ஜிஎஃப்பி ஏன் தெரிவதில்லை: கேள்வி பதில்

கேள்வி: செல்லுக்கு வெளியே சுரக்கும் புரதத்தோடு ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதம்) இணைத்து, பென்தாமியானா (ஒரு புகையிலை இனம்) இலையில் அக்ரோ பாக்டீரியா வழியாக ஊசியில் ஏற்றினேன். வெஸ்டர்னில் (புரதம் இருக்கிறதா என்று காட்டும் சோதனை) பட்டை வருகிறது, கன்ஃபோகல் நுண்ணோக்கியில் இருட்டு. ஏன் மேடம்?

பதில்: புரதம் இருக்கிறது, ஒளிரவில்லை. செல்சுவர்ப் பகுதியின் பிஎச் 5 முதல் 6 வரை. ஈஜிஎஃப்பியின் (ஜிஎஃப்பியின் பிரகாசமான வடிவம்) பிகேஏ, அதாவது ஒளிர்வு பாதியாகும் பிஎச், ஏறக்குறைய 6. பிஎச் அதற்குக் கீழே போகப் போக, 488 நானோமீட்டர் ஒளியை அது வாங்குவது குறைந்துகொண்டே வரும். வேக்குவோலிலும் (செல்லுக்குள் இருக்கும் அமிலத் தன்மையுள்ள பெரிய பை) இதே சிக்கல்தான். அங்கே வெளிச்சத்தில் ஜிஎஃப்பி சிதைந்தும் போகும், அதனால் செடியைப் பல மணி நேரம் இருட்டில் வைத்துப் பாருங்கள். எம்செர்ரியின் (சிவப்பாக ஒளிரும் புரதம்) பிகேஏ 4.5-க்கும் கீழே, அது தாங்கும். 561 நானோமீட்டர் லேசர் போட்டு 590–630-ல் பிடியுங்கள். 650-ஐத் தாண்டினால் குளோரோஃபில் குறுக்கிடும்.

இந்த இருட்டையே சோதனையாகப் பயன்படுத்தலாம். ராப்1பி என்ற போக்குவரத்துப் புரதத்தின் என்121ஐ மாற்றுவடிவத்தைச் (வேலையைத் தடுக்கும் வடிவம்) சேர்த்து ஏற்றினால், ஈஆரிலிருந்து (எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம், சுரக்கும் புரதம் உருவாகும் சவ்வு வலை) போக்குவரத்து தடைபடும். ஈஆரில் பிஎச் நடுநிலை என்பதால் வலை முழுக்கப் பச்சையாக எரியும். பச்சை ஒளி வந்தால் தடை, இருட்டென்றால் சுரப்பு.

கேள்வி: எனக்கு ஈஆர் வலை தெரிகிறது. 35எஸ் புரமோட்டர் (மரபணுவை மிகுதியாக இயக்குவது), ஓடி (ஏற்றும் பாக்டீரியாவின் அடர்த்தி) 0.5.

பதில்: அளவு மிஞ்சிவிட்டது, புரதம் ஈஆரிலேயே தேங்குகிறது. 0.05-க்கு இறக்கி 48 மணி நேரத்தில் பாருங்கள்.

கேள்வி: நெல் புரோட்டோபிளாஸ்டுக்கும் (செல்சுவர் நீக்கிய செல்) இதேதானா?

பதில்: நெல்லில் வேலை செய்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பிஎஃப்ஏ (பிரெஃபெல்டின் ஏ, புரதப் போக்குவரத்தைத் தடுக்கும் மருந்து) 50 மைக்ரோமோலார் கொடுத்தேன். புகையிலையில் கோல்கி (ஈஆரிலிருந்து வரும் புரதத்தைப் பிரித்து அனுப்பும் உறுப்பு) ஈஆருக்குள் கரைந்தது. அராபிடாப்சிஸ் (ஆய்வகங்களில் பயன்படும் சிறு செடி) வேரில் கரையவில்லை. மருந்து பழசோ?

பதில்: இல்லை. கோல்கியைக் காக்கும் ஜிஎன்எல்1 என்ற புரதம் அராபிடாப்சிஸில் பிஎஃப்ஏ-க்கு மசியாது, அதனால் கோல்கி நிற்கிறது. மசிவது க்னோம் என்ற அதன் உறவுப் புரதம். அதனால் டிஜிஎன் (கோல்கியை அடுத்த பிரித்தனுப்பும் சவ்வு வலை) திரண்டு பிஎஃப்ஏ உருண்டையாகிறது.

கேள்வி: ஒத்துக்கொள்ள முடியவில்லை. மருந்து வேருக்குள் சரியாக நுழையாமலும் இருக்கலாமே?

பதில்: நுழையாவிட்டால் உருண்டையே வராது. எஃப்எம்4-64 என்ற சிவப்புச் சவ்வுச் சாயம் ஏற்றிப் பாருங்கள், உருண்டைக்குள் சிவப்பு திரண்டிருக்கும், கோல்கி அதைச் சுற்றி நிற்கும். ஜிஎன்எல்1 இழந்த செடியில் அதே மருந்து கோல்கியை ஈஆரில் கரைத்துவிடும். கூடவே ஒப்பீட்டுக்கு, டிஎம்எஸ்ஓ (மருந்தைக் கரைக்கும் திரவம்) மட்டும் கொடுத்த வேரையும் வையுங்கள்.

கேள்வி: ஓடி எவ்வளவு வைக்கலாம்?

பதில்: மேலே சொன்னேன். 0.05.