மகளை 'ஈசாக்காக' ஒப்புக்கொடுக்கச் சொல்கிறார்கள். அதுதான் கீழ்ப்படிதலா?

கேள்வி: மகளுக்குக் கம்பஸ் (பல்கலைக்கழக அனுமதி) கிடைத்திருக்கிறது. எங்கள் ஜெபக்குழுவில், "ஆபிரகாம் ஈசாக்கைக் கொடுத்ததுபோல நீங்களும் மகளைப் படிக்க அனுப்பாமல் ஊழியத்துக்குக் கொடுங்கள், இது உங்கள் விசுவாசத்துக்குச் சோதனை" என்கிறார்கள். மறுத்தால் பாவமா?

பதில்:

பாவம் இல்லை. மற்றதெல்லாம் பிறகு. நித்திரை இல்லாமல்தான் இதை எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அதனால் முதலில் இதைச் சொல்கிறேன்.

நான் திருகோணமலை. கத்தோலிக்கக் குடும்பம், பங்கில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின பெரிய சனி இரவு, பாஸ்கா திருவிழிப்பு வாசகங்களில் தொடக்கநூல் 22ஆம் அதிகாரமும் ஒன்று. கடவுள் கேட்டார் என்று ஆபிரகாம் மகன் ஈசாக்கைப் பலியிட மலைக்குக் கூட்டிப்போய்க் கத்தியை எடுக்க, வானிலிருந்து வந்த குரல் தடுக்கும் கதை அது. பெரியவர்கள் அதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். பிள்ளைகள் அப்படி விடுவதில்லை. "கத்தியை எடுத்தபோது ஈசாக்கு ஏன் ஓடவில்லை?", "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று வகுப்பில் கேட்பார்கள். நல்ல கேள்விகள். ஈசாக்கின் தாய் சாராவிடம் யாராவது சொன்னதாக அந்த அதிகாரத்தில் ஒரு வரிகூட இல்லை. அடுத்த அதிகாரம் தொடங்கும்போதே அவள் இறந்துவிடுகிறாள்.

உங்களிடம் பேசியவர்கள் அந்த அதிகாரத்தின் முதல் வசனத்தைக் கவனித்திருக்க மாட்டார்கள். இது ஒரு சோதனை என்று அங்கே சொல்லியிருக்கிறது. யாரிடம்? வாசிக்கிற நம்மிடம். ஆபிரகாமுக்கு அது தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் யாரும் வந்து, "இது உனக்குச் சோதனை, மகனைக் கொடு" என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபுவின் கதையும் இப்படித்தான். அவனைச் சோதிப்பது பற்றி விண்ணகத்தில் நடந்த பேச்சு நமக்குத் தெரியும், யோபுவுக்குக் கடைசிவரை தெரியாது. அவனுக்கு விளக்கம் சொல்ல வந்த நண்பர்களைப் பார்த்துத்தான் கடவுள் கோபப்படுகிறார். நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று 42ஆம் அதிகாரத்தில் கண்டிக்கிறார். இன்னொருவரின் வாழ்க்கையைக் காட்டி, "இது கடவுள் உனக்கு வைத்த சோதனை" என்று சொல்லும் உரிமையை வேதாகமம் யாருக்கும் கொடுக்கவில்லை.

இதில் எனக்கு இவ்வளவு கோபம் வரக் காரணம் இருக்கிறது. 2004இல் நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, கடல் வந்தது. எங்கள் சொந்தத்தில் ஒரு அக்கா தன் சின்ன மகனை இழந்தா. செத்த வீட்டுக்கு வந்த ஒருவர் அவவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவர் உன் விசுவாசத்தைச் சோதித்துப் பார்க்கிறார்" என்றார். ஆறுதலாக நினைத்துத்தான் சொன்னார். அதன் பிறகு பல வருடம் அக்கா கோயில் பக்கமே வரவில்லை. அவவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தன்னைச் சோதிப்பதற்காக ஒரு குழந்தையைக் கடலில் அமிழ்த்துகிறவரிடம் எந்தத் தாய் போய் மண்டியிடுவாள்?

சரி, ஆபிரகாமுக்கு வருவோம். கதையின் கடினமான இடத்தை ஒளித்துவிட்டுப் பேச நான் விரும்பவில்லை. கடவுள்தான் கேட்கிறார், ஆபிரகாமும் புறப்படுகிறார். அவர் மகனை மறுக்கவில்லை என்பதற்காகப் பாராட்டும் பெறுகிறார். மூன்றாம் நாள் மலையடிவாரத்தில் வேலைக்காரரிடம், நாங்கள் தொழுதுவிட்டுத் திரும்பி வருவோம் என்கிறார். 'வருவேன்' இல்லை, 'வருவோம்'. இறந்தவரையும் எழுப்பக் கடவுளால் முடியும் என்று ஆபிரகாம் எண்ணினார் என்று எபிரேயர் 11ஆம் அதிகாரம் விளக்குகிறது. அவர் எதன்மேல் நம்பிக்கை வைத்திருந்தார் என்பது இதில் தெரிகிறது. ஈசாக்கு வழியாகத்தான் உன் சந்ததி விளங்கும் என்று முந்தின அதிகாரத்தில் வாக்குக் கொடுத்தவரும் இதே கடவுள்தான். ஈசாக்கு ஆபிரகாமுக்குப் பிரியமான பிள்ளை மட்டுமில்லை, கடவுளுடைய வாக்கே அந்தப் பிள்ளைதான். அந்த வாக்கைத் திரும்பக் கேட்டாலும் கடவுள் சொன்ன சொல் மாறமாட்டார் என்று ஆபிரகாம் நம்பினார். வேலை, நகை, படிப்பு என்று நமக்குப் பிரியமானதற்கெல்லாம் 'உன் ஈசாக்கு' என்று பெயர் வைத்துக் கேட்பதற்கு இந்தக் கதை எழுதப்படவில்லை.

அந்தக் காலத்தில் கானான் தேசத்தைச் சுற்றிப் பிள்ளைப்பலி நடந்தது. யூதாவின் அரசர்களான ஆகாசும் மனாசேயும்கூடத் தங்கள் பிள்ளைகளைத் தீயில் இட்டதாக அரசர்கள் இரண்டாம் நூல் சொல்கிறது. இன்னோம் பள்ளத்தாக்கில் நடந்த அந்தப் பலிகளைப் பற்றி எரேமியா 7ஆம் அதிகாரத்தில் கடவுள் சொல்வதை உங்கள் குழுவில் வாசித்துக் காட்டுங்கள். அப்படி நான் கட்டளையிடவும் இல்லை, அது என் எண்ணத்தில் எழவும் இல்லை என்கிறார். மீக்கா 6ஆம் அதிகாரத்தில் ஒருவன், என் பாவத்துக்காகத் தலைப்பிள்ளையைக் கொடுக்கட்டுமா என்று கேட்கிறான். பதிலாகக் கிடைப்பது நீதி, இரக்கம், தாழ்மை. 'பலியை அல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன்' என்ற ஓசேயாவின் சொல்லை இயேசு மத்தேயு நற்செய்தியில் இரண்டு தடவை எடுத்துச் சொல்கிறார். மலையில் கத்தியைத் தடுத்த குரலின் தொடர்ச்சியாகத்தான் நான் இதையெல்லாம் வாசிக்கிறேன்.

எங்கள் ஊரில் இந்தக் கதை கிறிஸ்தவர்களுடையது மட்டுமில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கிண்ணியாவிலிருந்து கூட்டாளி வீட்டார் குர்பான் (பலி) இறைச்சி அனுப்புவார்கள், ஆபிரகாமை அவர்கள் அழைக்கும் இப்றாஹீம் நபியின் நினைவாக. அதில் ஒரு பங்கு ஏழை வீடுகளுக்குப் போகும். கோணேசர் கோயிலுக்குப் போகிற சைவ நண்பர்களைக் கேட்டால் அடியார் வேடத்தில் வந்த சிவனுக்காகச் சிறுத்தொண்டர் தன் மகனையே பிள்ளைக்கறி சமைத்த கதையைச் சொல்வார்கள். அங்கேயும் கடைசியில் அந்த மகன் சீராளன் உயிரோடு ஓடி வருகிறான். பிள்ளையைத் திருப்பிக் கொடுக்காமல் இந்தக் கதைகள் எதுவும் முடிவதில்லை.

அப்படியானால் கிறிஸ்தவத்தில் கீழ்ப்படிதலும் பலியும் இல்லையா? நிச்சயமாக இருக்கிறது. பிடிபடுவதற்கு முந்தின இரவு கெத்சமனித் தோட்டத்தில் இயேசு இரத்தமாக வியர்த்துக்கொண்டு, என் விருப்பப்படி வேண்டாம், உம் விருப்பப்படி ஆகட்டும் என்கிறார். அங்கே அவர் கொடுத்தது தன்னுடைய உயிரை. பேதுருவையோ யோவானையோ கொடுக்கவில்லை. பிடிக்க வந்தவர்களிடம், இவர்களைப் போகவிடுங்கள் என்றுதான் சொன்னார்.

எங்கள் கிழக்கு மாகாணத்தில் இதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த இயேசுசபைக் குரு யூஜின் ஹேபெயர் அடிகள், மட்டக்களப்பு மைக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். அப்போது திருகோணமலையும் மட்டக்களப்பும் ஒரே மறைமாவட்டம். 1990இல் சண்டை மூண்டபோது அவர் ஊருக்குத் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. ஆகஸ்ட் 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில், கூடவந்த தமிழ் இளைஞரோடு சேர்த்துக் காணாமல் போனார். இன்றுவரை ஆள் இல்லை. அவர் கொடுத்தது தன்னை. கீழ்ப்படிதல் என்று யாராவது சொன்னால் எனக்கு அவருடைய முகம்தான் வரும்.

இனி உங்கள் மகள். நீங்கள் எழுதியதில் குழு சொல்வது இருக்கிறது, உங்கள் பயம் இருக்கிறது. மகள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. அவளிடம் கேளுங்கள். ஊழியத்துக்குப் போக அவளுக்கே அழைப்பு இருந்தால் படித்து முடித்துவிட்டும் அது இருக்கும். கன்னியர் மடங்களிலேயே பட்டம் பெற்ற எத்தனையோ சகோதரிகள் இருக்கிறார்கள். அழைப்பு இல்லையென்றால், அவளுடைய வாழ்க்கையை உங்கள் விசுவாசத்துக்கு அத்தாட்சியாகக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. குழுவினர் மறுபடி கேட்டால், உங்கள் நேரத்தையும் உங்கள் உழைப்பையும் தரலாம், அது உங்களுடையது. கம்பஸ் பதிவுக்கு முடிவுத் திகதி இருக்கும். இந்தச் சண்டையில் அதைத் தவறவிடாதீர்கள், படிவத்தை இந்தக் கிழமையே நிரப்பச் சொல்லுங்கள்.