நிலவைச் சுற்றி வருவோர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மனிதர்கள் நிலவைச் சுற்றி வரும் பயணம் பற்றிப் பெங்களூரு வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகள் இம்முறை மிகுதி. அவற்றுள் ஐந்துக்கு மட்டும் இங்கே இடம் கிடைத்தது.

அல்சூர் வாசகர்: 1968-இல் அப்பல்லோ-8 வீரர்கள் மூன்று நாளில் நிலவை அடைந்தார்கள். 2023-இல் நம் சந்திரயான்-3 நிலவில் இறங்க நாற்பது நாள் ஆயிற்று. ஏன் இந்தத் தாமதம்?

ராக்கெட்டின் வலிமையில் உள்ள வேறுபாடே காரணம். 43.5 மீட்டர் உயரமுள்ள எல்.வி.எம்.-3 ராக்கெட், சந்திரயானைப் புவியைச் சுற்றும் ஒரு நீள்வட்டப் பாதையில் விட்டதோடு தன் வேலையை முடித்துக்கொண்டது. அதன்பின், ஊஞ்சல் தாழ வரும்போதெல்லாம் தள்ளித் தள்ளி உயர்த்துவதைப் போல, கலம் புவிக்கு அருகில் வந்த வேளைகளில் தன் சிறிய எந்திரத்தை இயக்கிப் பாதையை நீட்டிக்கொண்டே போய், ஆகஸ்ட் 5 அன்று நிலவின் பிடிக்குள் சென்றது. அப்பல்லோவைச் சுமந்த சாட்டர்ன்-5 ஏறத்தாழ 111 மீட்டர் உயரம். அதன் மூன்றாம் அடுக்கு ஐந்தாறு நிமிடம் எரிந்தே கலத்தை நேரே நிலவை நோக்கி அனுப்பிவிட்டது.

ஆளில்லாக் கலம் காத்திருப்பதால் நட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் மனிதர்களை வைத்துக்கொண்டு இந்தச் சிக்கன வழியைப் பின்பற்ற முடியாது. உணவும் ஆக்சிஜனும் நாள் கணக்கில்தான் இருக்கும் என்பதோடு, பாதையை நீட்டும் ஒவ்வொரு சுற்றிலும் கலம் புவியைச் சூழ்ந்துள்ள வான் ஆலன் கதிர்வீச்சுப் பட்டைகளைத் திரும்பத் திரும்பக் கடக்க நேரும். ஆட்கள் உள்ள கலம் அந்தப் பட்டைகளை விரைந்து கடந்துவிட வேண்டும்.

விமானபுரா வாசகி: விண்வெளிக்குச் சென்ற முதல் இந்தியரான ராகேஷ் சர்மாவை எங்கள் பகுதியிலுள்ள விமானப்படை விண்மருத்துவக் கழகத்தில்தான் சோதித்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்று என் மாமனார் சொல்வார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கேட்கிறாள்: புவியைச் சுற்றுவோருக்கும் நிலவைச் சுற்றுவோருக்கும் பயிற்சி ஒன்றுதானா?

மாமனார் சொல்வது சரி. மனிதர்களை விண்வெளிக்கு அனுப்பும் இந்தியத் திட்டமான ககன்யானின் வீரர்களுக்கான மருத்துவத் தேர்வும் அதே கழகத்தில் நடந்தது. மையவிலக்குச் சுழலியில் உடல் எடை பல மடங்காவதைத் தாங்குவது, எடையின்மைக்குப் பழகுவது, கடலில் விழுந்த கலத்திலிருந்து வெளியேறுவது ஆகிய அடிப்படைகள் இரு சாராருக்கும் பொதுவானவை.

வேறுபாடு திரும்பி வரும் நேரத்தில் இருக்கிறது. 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் கலத்தில் கோளாறு ஏற்பட்டால் சில மணி நேரத்தில் புவிக்கு இறங்கிவிடலாம். நிலவோ சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவில் உள்ளது, அங்கே போனவர், எவ்வளவு பெரிய ஆபத்து வந்தாலும், வீடு திரும்பச் சுமார் மூன்று நாளாவது காத்திருக்கத்தான் வேண்டும். ஆகவே நிலவுப் பயணிகளின் பயிற்சிக் காலத்தில் பெரும்பகுதி, பழுதுகளை ஒத்திகை பார்ப்பதிலேயே கழிகிறது. விண்கலத்தைப் போலவே அமைத்த சிமுலேட்டருக்குள் குழுவினர் அமர்ந்திருக்க, வெளியே உள்ள பயிற்றுநர்கள் முன்னறிவிப்பின்றி மின்சாரத்தைத் துண்டிப்பார்கள், கணினியைச் செயலிழக்கச் செய்வார்கள், எந்திரத்தை நடுவழியில் நிறுத்துவார்கள். தரைக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களுக்கும் அதே தேர்வுதான்.

இந்த ஒத்திகையின் பயனை 1970 ஏப்ரலில் அப்பல்லோ-13 காட்டியது. புவியிலிருந்து மூன்று லட்சம் கிலோமீட்டருக்கும் அப்பால் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபின், மூன்று வீரர்களும் இருவருக்கென்று கட்டப்பட்ட இறங்குகலத்தில் ஒண்டிக்கொண்டு நிலவைச் சுற்றித் திரும்பினார்கள். மூச்சுக் காற்றிலிருந்து கரியமில வாயுவை அகற்றும் வடிகட்டிகளில், தாய்க்கலத்தில் இருந்தவை சதுரம். இறங்குகலத்தில் அவற்றுக்கான பொருத்துமிடம் வட்டம். தரையிலிருந்த பொறியாளர்கள், கலத்தில் என்னென்ன பொருள் உண்டோ அவற்றை மட்டும் மேசையில் வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் பை, அட்டை, ஒட்டுநாடா, உடையின் காற்றுக் குழாய் ஆகியவற்றால் இரண்டையும் இணைக்கும் வழியைக் கண்டு, வானொலியில் படிப்படியாகச் சொல்லிக் கொடுத்தார்கள். விண்வெளி வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த கைவேலை இதுதான்.

நிலவில் இறங்காமல் அதைச் சுற்றித் திரும்பும் நாசாவின் ஆர்ட்டெமிஸ்-2 பயணத்துக்கென 2023 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட ரீட் வைஸ்மன், விக்டர் குளோவர், கிறிஸ்டினா காக், ஜெரமி ஹான்சன் ஆகிய நால்வருக்கும் ஐஸ்லாந்தின் எரிமலைப் பாறைகளிடையே நிலவியல் பயிற்சி அளித்தார்கள். நிலவில் இறங்காதவர்களுக்குப் பாறைப் பாடம் எதற்கென்று உங்கள் மகள் கேட்கக்கூடும். சன்னலருகே கிடைக்கும் சில மணி நேரத்தில் எதைப் பார்க்க வேண்டும், பார்த்ததை எப்படி விவரிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால்தான் அந்தக் கண்களால் அறிவியலுக்குப் பயன் உண்டு.

ஸ்ரீராமபுரம் வாசகர்: நிலவின் மறுபக்கத்துக்குப் போகும்போது தொடர்பு அறுந்துவிடுமாமே. அந்த நேரத்தில் என்ன நடக்கும்?

நிலவே வானொலி அலைகளைத் தடுத்துவிடுகிறது. நிலவுக்கு மேல் சுமார் 110 கி.மீ. உயரத்தில் பறக்கும் கலத்துக்கு ஒரு சுற்று இரண்டு மணி நேரம். அதில் முக்கால் மணி நேரம் போலத் தொடர்பே இராது. அப்பல்லோ-11-இல் மற்ற இருவரும் நிலவில் இறங்கியபோது, மைக்கேல் காலின்ஸ் ஒவ்வொரு சுற்றிலும் அந்த முக்கால் மணியைத் தனியாகவே கழித்தார்.

அப்பல்லோ-8-இல் பயணம் செய்த ஃபிராங்க் போர்மன், ஜிம் லவல், பில் ஆண்டர்ஸ் ஆகியோருக்கு இதைவிடக் கடினமான நிலை. நிலவின் ஈர்ப்பில் சிக்குவதற்காக வேகத்தைக் குறைக்கும் எந்திரத்தை, தொடர்பு அறுந்த அந்த மறுபக்கத்தில்தான் நான்கு நிமிடம் இயக்க வேண்டியிருந்தது. குறைவாக எரிந்தால் கலம் எங்கோ விலகிப் போகும். அளவுக்கு மீறி எரிந்தால் நிலவில் மோதும். எது நடந்தாலும் ஹூஸ்டனிலுள்ள தரைக் கட்டுப்பாட்டு அறைக்கு உடனே தெரியாது. கலம் மறுமுனையில் தலைகாட்ட வேண்டிய நொடி வரை அங்கிருந்தவர்களால் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க முடிந்தது. கலத்தைச் சுற்றியோ கும்மிருட்டு. வானம் நிறைய விண்மீன்கள் தெரிய, ஒரு பகுதியில் மட்டும் ஒன்றுமே தெரியவில்லை என்றும், அந்தக் கருமைதான் நிலவு என்று புரிந்தபோது சிலிர்த்தது என்றும் ஆண்டர்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். நான்காம் சுற்றில், நிலவின் விளிம்புக்கு மேல் புவி எழுந்த புகழ்பெற்ற படத்தை எடுத்தவரும் அவரே.

பிரேசர் டவுன் மாணவர்: விண்கலத்தில் கழிவறை உண்டா?

அப்பல்லோவில் இல்லை; பைகள்தாம். ஆர்ட்டெமிஸ் பயணத்தில் நால்வர் செல்லும் ஓரியன் கலத்தில் கதவுடன் கூடிய சிறு கழிவறை உண்டு. ஆனால் அவர்கள் புழங்குவதற்கு இருக்கும் இடம் மொத்தமே ஏறத்தாழ 9 கன மீட்டர். குளியல் கிடையாது; ஈரத் துணியால் துடைத்துக்கொள்வதுதான். முதல் ஓரிரு நாளில் குமட்டலும் வரலாம். போர்மன் போகும் வழியில் வாந்தி எடுத்தார்.

ஜெயநகர் வாசகர்: திரும்பும்போதுதான் ஆபத்து அதிகம் என்கிறார்களே?

புவியைச் சுற்றும் கலம் நொடிக்கு 8 கி.மீ.க்குச் சற்றுக் குறைந்த வேகத்தில் காற்றுமண்டலத்துக்குள் நுழைகிறது. நிலவிலிருந்து வருவதோ நொடிக்கு 11 கி.மீ. வேகத்தில் வருகிறது. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஆற்றல் பெருகுவதால், கலம் தணிக்க வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது; கலத்தைக் காக்கும் வெப்பக் கவசத்தின் வெளிப்பரப்பு 2,700 பாகை செல்சியசை எட்டுகிறது. நுழையும் கோணமும் துல்லியமாக இருக்க வேண்டும். செங்குத்தாக நுழைந்தால் உடல் தாங்காது; மிகச் சாய்வாக நுழைந்தால் கலம் மீண்டும் விண்வெளிக்கே போய்விடும்.

2022-இல் ஆளின்றிச் சென்று திரும்பிய ஆர்ட்டெமிஸ்-1 கலத்தின் கவசம் எதிர்பாராத வகையில் துண்டு துண்டாகப் பெயர்ந்திருந்தது. கவசப் பொருளுக்குள் உருவான வாயு வெளியேற வழியின்றி அழுத்தம் கூடியதே காரணம் என்று நாசா ஈராண்டு ஆய்வுக்குப்பின் 2024 டிசம்பரில் அறிவித்தது. அந்தக் கலத்தில் ஆட்கள் இருந்திருந்தாலும் பாதுகாப்பாகவே இறங்கியிருப்பார்கள் என்றும் அதே அறிவிப்பு கூறியது. ஆனாலும் காரணம் தெரியாமல் அடுத்த கலத்தில் ஆட்களை ஏற்றுவதில்லை என்று ஈராண்டு பொறுத்திருந்தது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்.