எந்தச் செயலியில் எழுதி வைப்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கதை எழுதுவோர், படம் எடுப்போர், தறியில் புது வடிவம் நெய்வோர் எனப் பலரும் தங்கள் வேலையைத் திட்டமிட எந்த மென்பொருள் ஏற்றது என்று கேட்டு எழுதியிருந்தார்கள். கொங்குப் பகுதியிலிருந்து வந்த ஐந்து கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: எங்கள் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதையை நாவலாக எழுதி வருகிறேன். அப்புச்சி (அம்மாவின் அப்பா) மஞ்சள் போட்ட காலத்தில் தொடங்கி, என் மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போவது வரை கதை நீள்கிறது. குறிப்புகள் மூன்று டைரிகளிலும், கைப்பேசியிலும், எனக்கு நானே அனுப்பிக்கொண்ட வாட்ஸ்அப் செய்திகளிலும் சிதறிக் கிடக்கின்றன. நோஷன், ஸ்க்ரிவனர், அப்சிடியன் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?
— ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: எதையும் வாங்காமல் ஒரு வாரம் பொறுத்திருங்கள் அம்மா. அந்த ஒரு வாரமும் எழுத உட்காரும்போது எதைத் தேடி உங்கள் நேரம் போகிறது என்பதை மட்டும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். எனக்கு எழுதுவோரில் பெரும்பாலோர் செயலியின் பெயரைச் சொல்லித்தான் கேள்வியைத் தொடங்குகிறார்கள். தங்கள் வேலை எந்த இடத்தில் கைநழுவிப் போகிறது என்பதை எழுதுவோர் மிகக் குறைவு. அந்த இடம் தெரிந்துவிட்டால் கருவியைத் தேர்ந்தெடுப்பது பத்து நிமிட வேலை.

உங்கள் கடிதத்தைப் படித்தவரை, உங்களிடம் நழுவுபவை இரண்டு. கேட்ட செய்தியை எங்கே எழுதினோம் என்பது ஒன்று. கதையின் காலம் மற்றொன்று. மூன்று தலைமுறைக் கதைக்கு இரண்டாவதுதான் பெரிய ஆபத்து. ஆகவே முதலில் கூகுள் ஷீட்ஸிலோ லிபர் ஆபிஸிலோ ஓர் அட்டவணை போடுங்கள், இரண்டும் இலவசம். ஆண்டுக்கு ஒரு வரிசை. ஒவ்வொரு பாத்திரத்தின் வயதுக்கும் மேலிருந்து கீழாக ஒரு பத்தி. வீட்டில் நடந்தது ஒரு பத்தி. ஊரில் நடந்தது ஒரு பத்தி. ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழிக்கும் சூத்திரத்தை ஒரு கட்டத்தில் எழுதிக் கீழே இழுத்துவிட்டால், எல்லா வயதும் தாமாகவே நிரம்பிவிடும்.

இந்த அட்டவணை உங்களைக் காப்பாற்றும் விதத்தைச் சொல்கிறேன். பவானிசாகர் அணையின் கட்டுமானம் 1948-இல் தொடங்கி 1955-இல் முடிந்தது. ஆகவே 1946-இல் அப்புச்சி கீழ்பவானி வாய்க்கால் மடையைத் திறந்துவிட்டார் என்று நீங்கள் எழுதினால், உங்கள் ஊர் வாசகர் அந்த வரியிலேயே நம்பிக்கை இழந்துவிடுவார். அதுவே கொடிவேரி அணையிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்கால் என்றால் தவறில்லை, அது பழைய பாசனம். நயா பைசா 1957 ஏப்ரலில்தான் வந்தது. அதற்கு முந்தைய சந்தைக் காட்சியில் அணாக் கணக்குதான் பேசப்பட வேண்டும். 1965-இல் வந்த கடிதத்தின் உறையில் ஈரோடு மாவட்டம் என்று முகவரி இருக்க முடியாது. கோபி அன்று கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது, 1979-இல்தான் பெரியார் மாவட்டம் தனியாகப் பிரிந்தது, அதற்கு ஈரோடு மாவட்டம் என்ற பெயர் பின்னால் வந்தது. இவற்றையெல்லாம் நினைவில் சுமந்துகொண்டே எழுத யாராலும் முடியாது. ஊரில் நடந்த பத்தியில் இட்டு வைத்துவிட்டால், ஓர் அத்தியாயத்தைத் தொடங்கும் முன் அந்த ஆண்டின் வரிசையை ஒருமுறை பார்த்தாலே போதும்.

இனிக் குறிப்புகளுக்கு வருவோம். ஸ்க்ரிவனர் நாவலைக் காட்சி காட்சியாகப் பிரித்து, அட்டைகளைப் போல இடம் மாற்றி அடுக்க உதவும் நல்ல மென்பொருள். ஒருமுறை பணம் கட்டினால் போதும். முன்னோட்டக் காலமான முப்பது நாளும் நீங்கள் அதைத் திறக்கும் நாள்களை மட்டுமே கணக்கில் கொள்ளும். ஆனால் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு அது இல்லை. நோஷனில் அட்டவணையும் பக்கங்களும் ஒன்றோடொன்று அழகாக இணையும். ஆனால் அத்தனையும் அந்த நிறுவனத்தின் கணினியில் இருக்கும். அப்சிடியனில் ஒவ்வொரு குறிப்பும் உங்கள் கணினியிலேயே தனித்தனி எழுத்துக் கோப்பாகக் கிடக்கும். நாளை அப்சிடியனே இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். வாழ்நாளில் ஒருமுறை எழுதும் குடும்பக் கதைக்கு இந்தக் குணமே முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே உங்களுக்கு அதைத்தான் சொல்வேன். செயலி இலவசம். கைப்பேசியையும் கணினியையும் அவர்கள் வழியாக ஒத்திசைக்க வேண்டுமானால் கட்டணம் உண்டு. அதைத் தவிர்க்க நினைத்தால், வெளியில் இருக்கும்போது தோன்றுவதைக் கூகுள் கீப்பில் குறித்து, ஞாயிறுதோறும் கணினிக்கு மாற்றுங்கள்.

எந்தச் செயலியானாலும், முடிவு செய்யும் முன் தமிழ்த் தேடலைச் சோதித்துப் பாருங்கள். நம் சொற்கள் வேற்றுமை ஏற்கும்போது உருமாறுகின்றன. ‘கிணறு’ என்று தேடினால் ‘கிணற்றில் விழுந்த குடம்’ என்ற குறிப்பு அகப்படாது. ‘கிண’ என்று மட்டும் தட்டிப் பாருங்கள். அப்போது ‘கிணற்றில்’ வந்தால் அந்தச் செயலி உங்களுக்குப் பயன்படும். முழுச் சொல்லை மட்டுமே தேடித் தரும் செயலிகளும் இருக்கின்றன. அவற்றில் தமிழ்க் குறிப்பு போட்டால், இருந்தும் இல்லாத கதைதான்.

டைரிகளைத் தட்டச்சு செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். பக்கங்களுக்கு எண் இட்டு, ‘டைரி 2, பக்கம் 41, அமுச்சியின் காது குத்து’ என்று ஒரு வரி எழுதினால் போதும். வாட்ஸ்அப் உரையாடலை மொத்தமாக எழுத்துக் கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி அந்தச் செயலியிலேயே உண்டு.

கேள்வி: மூன்று கைத்தறிகளில் போர்வை நெய்கிறோம். புது வடிவங்களை நான் வரைகிறேன். வெளியூர் ஆர்டர்களைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். எந்த வடிவம் எந்த நிலையில் இருக்கிறது என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிவதில்லை. போட்டோ அனுப்பிச் சொன்ன நிறம் சாயப்பட்டறையிலிருந்து வேறாக வந்துவிட்டது.
— ஒரு வாசகர், சென்னிமலை

பதில்: உங்களுக்கு வேண்டியது இருவர் கண்ணிலும் படும் ஒரு பலகை. 2011-இல் வந்த ட்ரெல்லோ என்ற செயலி இதற்குப் பொருத்தமானது. இலவசப் பதிப்பே போதும். இதன் மூலக் கருத்து ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலைகளில் உருவான கான்பான் முறை. முன்னால் உள்ள வேலை நகர்ந்தால்தான் பின்னால் உள்ளவர் அடுத்ததை அனுப்ப வேண்டும் என்பதும், ஒவ்வொரு நிலையிலும் இத்தனைக்கு மேல் தேங்கக் கூடாது என்பதும் அதன் உயிர்நாடி.

உங்கள் பலகையில் ‘வரைந்தது’, ‘நிறம் முடிவானது’, ‘நூல் சாயத்தில்’, ‘பாவு தயார்’, ‘தறியில்’, ‘அனுப்பியது’ என ஆறு பத்திகள் இருக்கட்டும். ஒரு வடிவத்துக்கு ஓர் அட்டை. தறி மூன்று என்றால் ‘தறியில்’ என்ற பத்தியில் மூன்று அட்டைகளுக்கு மேல் நிற்கக் கூடாது. நான்காவது அட்டையைத் தம்பி அங்கே நகர்த்த முனைந்தாலே, வாங்க முடியாத ஆர்டரை வாங்கிவிட்டோம் என்பது தெரிந்துவிடும். கெடு நாளைப் போர்வை அனுப்பும் தேதியில் குறிக்காதீர்கள். பாவு (நீளவாக்கு நூல்) ஏறிவிட்டால் அதன் நிறத்தை மாற்ற முடியாது, ஊடையைத்தான் (குறுக்கு நூல்) மாற்றலாம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே நிறத்தை உறுதி செய்ய வேண்டிய கடைசி நாள் எதுவோ அதுவே அட்டையில் ஏறும் கெடு நாள்.

நிறத்தை மட்டும் எந்தச் செயலியிடமும் ஒப்படைக்க வேண்டாம். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த அரக்குச் சிவப்பு ஒரு கைப்பேசித் திரையில் செங்கல் நிறமாகவும் இன்னொன்றில் மாதுளை நிறமாகவும் தெரியும். சாயம் போட்ட நூலில் விரல் நீளம் வெட்டி, கெட்டி அட்டையில் துளையிட்டு முடிந்து, பக்கத்தில் 14 என்று எண் இடுங்கள். அதே எண்ணில் ஒரு துண்டு உங்களிடம், ஒன்று தம்பியிடம், ஒன்று சாயப்பட்டறையில். ட்ரெல்லோ அட்டையில் ‘நிறம் 14’ என்று மட்டும் எழுதினால் போதும். அதற்குமேல் குழப்பம் வராது.

கேள்வி: அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடும் கலைஞர்களைப் பற்றி நாங்கள் ஐந்து மாணவர்கள் ஆவணப்படம் எடுக்கிறோம். எல்லாப் பேச்சும் கோப்பும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் போகின்றன. ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் லாஸ்ட்’ என்று மூன்று கோப்புகள் இருக்கின்றன. எது கடைசி என்று எங்களுக்கே தெரியவில்லை. என்ன செயலி வேண்டும்?
— மாணவர்கள், கோயமுத்தூர்

பதில்: தம்பிகளே, தங்கைகளே, உங்கள் வேலை எனக்கு மிகவும் நெருக்கமானது, அதனால் என் வாழ்வில் நேர்ந்த ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் பவானிக்குப் பக்கத்தில் ஒரு மூதாட்டி பாடிய கும்மிப் பாட்டுகளை இரண்டு நாள் உட்கார்ந்து பதிவு செய்தேன். அவை ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. அது கைதவறி விழுந்து பழுதானது. மீண்டும் பதிவு செய்யப் போனபோது அந்த அம்மா இல்லை. அவர் பாடியவற்றில் இன்று என்னிடம் இருப்பது நான்கு அடிகள் மட்டுமே.

ஆகவே படப்பிடிப்புத் திட்டத்துக்கான செயலியைத் தேடும் முன் மூன்று-இரண்டு-ஒன்று என்ற முறையைக் கைக்கொள்ளுங்கள். பதிவு ஒவ்வொன்றுக்கும் மூன்று படிகள். அவை இரண்டு வகைச் சேமிப்பில். அவற்றுள் ஒன்று வேறு ஊரில் அல்லது இணையத்தில். அன்றைய இரவுப் பதிவு இரண்டாவது டிஸ்க்குக்குப் போகும் வரை கேமரா அட்டையை யாரும் அழிக்கக் கூடாது. ஐவரில் ஒருவருக்கு இது மட்டுமே பொறுப்பாக இருக்கட்டும்.

அளவையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள். கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் இந்தக் கதையை 1965-இல் நாடாவில் பதிவு செய்தார். பாடத் தொடங்கினால் பல இரவுகள் நீளும் கதை இது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் இருதட (ஸ்டீரியோ) ஒலி, மணிக்குச் சுமார் 1 ஜிபி இடம் பிடிக்கும். கைப்பேசியில் 4கே காட்சி என்றால், ஒரு மணி நேரத்துக்கே 10 ஜிபிக்கு மேலும் தேவைப்படலாம். கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. மின்னஞ்சலும் படங்களும் அதற்குள்தான் அடங்க வேண்டும். இதிலிருந்தே எத்தனை டிஸ்க் வாங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் படத்தையும் காட்சியையும் அப்படியே அனுப்பினால் தரம் சுருங்கிவிடும்; கட்டாயம் அனுப்ப வேண்டியிருந்தால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

கோப்பின் பெயரில் ‘ஃபைனல்’ என்ற சொல்லை இன்றோடு விட்டுவிடுங்கள். ஆண்டு, மாதம், நாள், பிறகு எத்தனையாவது இரவு, பிறகு துண்டின் எண் என்ற வரிசையில் 20250118-02-03 என்று பெயரிட்டால், எந்தக் கணினியும் அவற்றைத் தானே கால வரிசையில் அடுக்கிவிடும். ஆண்டை முதலில் எழுதாமல் நாளை முதலில் எழுதினால் இந்த வரிசை கிடைக்காது. சில எடிட்டிங் மென்பொருள்கள் தமிழ்ப் பெயருள்ள கோப்பைத் திறக்கத் திணறும் என்பதால், பெயரில் எண்கள் போதும். விவரமெல்லாம் தமிழில் ஒரு கூகுள் ஷீட்டில் இருக்கட்டும். கோப்பு எண், ஊர், பாடியவர், கதையில் எந்தப் பகுதி, ஒலி எப்படி என்ற பத்திகளோடு, ‘அனுமதி’ என்றும் ஒரு பத்தி அவசியம். பாடியவர் எதற்கு ஒப்புக்கொண்டார், எதைக் காட்ட வேண்டாம் என்றார் என்பதை அன்றிரவே அதில் எழுதிவிடுங்கள். இந்த ஷீட் ஒழுங்காக இருந்தால் உங்களுக்கு வேறு திட்டமிடல் செயலி தேவைப்படாது. பேச்சுக்கு வாட்ஸ்அப் இருக்கலாம், ஆனால் முடிவுகளை ஷீட்டில் மட்டுமே பதியுங்கள்.

கேள்வி: மாதாமாதம் பணம் கட்டும் செயலி ஒன்றில் என் ஓவியத் தொடர்களைத் திட்டமிடுகிறேன். நிறுவனம் அதை மூடிவிட்டால் என்ன ஆகும்?
— ஒரு வாசகர், கரூர்

பதில்: மூடுவது உண்டு. பலரும் விரும்பிப் பயன்படுத்திய வுண்டர்லிஸ்ட் என்ற பணிப்பட்டியல் செயலியை மைக்ரோசாஃப்ட் 2015-இல் வாங்கி, 2020 மே மாதம் நிறுத்தியது. எந்தச் செயலிக்கும் பணம் கட்டும் முன், அதில் பத்து ஓவியங்களுக்கான குறிப்பை இட்டு, ஏற்றுமதி செய்து, வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். படங்களும் எழுத்தும் பிரியாமல் வந்தால் கட்டுங்கள். இப்போது இருப்பதையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அப்படி வெளியே எடுத்து வையுங்கள்.

கேள்வி: பணி ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். இருபத்திரண்டு நோட்டுகளில் நாடகங்கள் எழுதி வைத்திருக்கிறேன். பேனா இல்லாமல் எனக்குச் சிந்தனை ஓடாது. இந்த வயதில் மாறித்தான் ஆக வேண்டுமா?
— ஒரு வாசகர், தாராபுரம்

பதில்: வேண்டியதில்லை ஐயா. பேனாவே உங்கள் கருவி. அதை யாரும் உங்களிடமிருந்து வாங்கத் தேவையில்லை. நோட்டுகளுக்கு ஒன்று முதல் இருபத்திரண்டு வரை எண் இட்டு, ஒவ்வொன்றின் பின்னட்டையிலும் எந்த நாடகம் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியலை எழுதுங்கள். பிறகு பேரப்பிள்ளை யாராவது விடுமுறைக்கு வரும்போது, கூகுள் டிரைவ் செயலியில் உள்ள ஸ்கேன் வசதியால் நோட்டுக்கு ஒரு பிடிஎஃப் எனப் படியெடுத்து வைக்கச் சொல்லுங்கள். காலை வெளிச்சத்தில், திண்ணையில் நோட்டை வைத்து, கையின் நிழல் பக்கத்தில் விழாமல் எடுக்க வேண்டும். கரையான் பிடித்த நோட்டோ, மை மங்கிய நோட்டோ இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள்.