கணினி கேள்வி பதில்: எச்சரிக்கையை மூடலாம், அழிக்க முடியாது

கேள்வி: ஐயா, குழித்துறையில் ரப்பர் ஷீட் கொள்முதல் செய்யும் நிறுவனம் ஒன்றின் கணினிகளை நான் கவனித்து வருகிறேன். எங்கள் கணக்கர் காலையில் அலுவலகத்திலிருந்தும், பிற்பகலில் களியக்காவிளைக் கிடங்கிலிருந்து கைப்பேசி இணையத்தின் வழியாகவும் மின்னஞ்சலைத் திறப்பார். அவருடைய சிம் கேரளத்தில் வாங்கியது. இதனால் அவர் கொச்சியிலிருந்து உள்நுழைந்ததாக மைக்ரோசாஃப்ட் டிஃபென்டர் என்ற பாதுகாப்பு மென்பொருளில் எச்சரிக்கைகள் வந்து குவிகின்றன. அவற்றை கிராஃப் ஏபிஐ (மைக்ரோசாஃப்ட் சேவைகளுடன் நிரல்கள் பேசும் வழி) மூலம் தானாக நீக்க ஒரு ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) எழுதினேன். பட்டியலைப் படிக்க முடிகிறது. மாற்ற முயன்றால் 403 என்ற பிழை வருகிறது. உரிய அனுமதியை நிர்வாகி அளித்த பிறகும் அதே பிழைதான் வருகிறது. என்ன செய்வது?
(வாசகர், குழித்துறை)

பதில்: முதலில் பிழையைப் பார்ப்போம். 401 வந்தால், நீங்கள் யார் என்பதையே வழங்கி (சர்வர்) ஏற்கவில்லை என்று பொருள். 403 வந்தால், நீங்கள் யார் என்பது தெரிந்தும் இந்தச் செயலுக்கு உங்களுக்கு உரிமை இல்லை என்று பொருள். எச்சரிக்கைகளைப் படிப்பதற்கும் திருத்துவதற்கும் தனித்தனி அனுமதிகள் உண்டு. திருத்துவதற்குத் தேவையானது ‘செக்யூரிட்டிஅலர்ட்.ரீட்ரைட்.ஆல்’. அதை நிர்வாகி ஏற்ற பின்னும் பிழை தொடர்கிறதென்றால், உங்கள் ஸ்கிரிப்ட் பழைய டோக்கனையே (வழங்கி தரும் தற்காலிக அனுமதிச் சீட்டு) சேமித்து வைத்துப் பயன்படுத்துகிறது என்று ஊகிக்கிறேன். அனுமதிகள் டோக்கன் வழங்கப்படும் நேரத்தில் அதனுள் எழுதப்படுபவை. வழக்கமாக ஒரு டோக்கன் 60 முதல் 90 நிமிடங்கள் வரை செல்லும். பிறகு அளித்த அனுமதி அதற்குள் தானாக நுழையாது. சேமித்ததை அழித்துவிட்டுப் புதிய டோக்கன் பெறுங்கள்.

‘நீக்க’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஏபிஐயில் எச்சரிக்கையை அழிக்கும் வழி கிடையாது. அது நடந்ததற்கான பதிவு. பேட்ச் கோரிக்கை (பதிவின் ஒரு பகுதியை மட்டும் திருத்துவது) அனுப்பி அதன் நிலை, வகைப்பாடு, பொறுப்பாளர் போன்ற சில புலங்களை மட்டும் மாற்றலாம். நிலையைத் ‘தீர்க்கப்பட்டது’ என்று மாற்றினால் கடவுச்சொல் மாறிவிடாது, திருடன் உள்ளே இருந்தால் வெளியேறிவிடவும் மாட்டான்.

உங்கள் நேர்வில் கவனிக்க வேண்டியது வகைப்பாடுதான். ‘தவறான எச்சரிக்கை’ என்று குறிக்கத்தான் கை துறுதுறுக்கும். ஆனால் டிஃபென்டர் தவறு செய்யவில்லை. ஐபி முகவரி (இணையத்தில் ஒரு இணைப்புக்குரிய எண்) காட்டும் ஊர், கைப்பேசி இருக்கும் ஊர் அன்று. தொலைபேசி நிறுவனத்தின் இணைய வாயில் இருக்கும் ஊர். களியக்காவிளையில் நின்றுகொண்டு கொச்சி வாயில் வழியாக வெளியேறுகிறார் உங்கள் கணக்கர். வழங்கியின் கண்ணுக்குத் தெரிந்தது உண்மையே. இதற்கென்றே, உண்மையான எச்சரிக்கை, தவறான எச்சரிக்கை ஆகிய இரண்டையும் தவிர, ‘எதிர்பார்க்கப்பட்ட செயல்பாடு’ என்று மூன்றாவதாக ஒரு வகை உண்டு. அதைத் தேர்ந்தெடுத்து, காரணத்தைக் கருத்துரையாகச் சேருங்கள்; கருத்துரை பேட்ச்சுடன் போகாது, புதிதாக ஒன்றைச் சேர்க்கும் போஸ்ட் கோரிக்கை தனியாக வேண்டும். ஆறு மாதம் கழித்து உங்கள் இடத்துக்கு வருபவர், இதை ஏன் மூடினார்கள் என்று திகைக்கக் கூடாதல்லவா?

தலைப்பை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் மூடுமாறு ஸ்கிரிப்டை எழுதாதீர்கள். ஒரு நண்பரின் அலுவலகத்தில் நானே அப்படிச் செய்து, வேற்றாள் ஒருவரின் உள்நுழைவையும் சேர்த்து மூடிவிட்டு, நான்கு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். அதே கணக்கு, அதே தொலைபேசி நிறுவனத்தின் ஐபி, கிடங்கு திறந்திருக்கும் நேரம் ஆகிய மூன்றும் பொருந்தினால் மட்டும் மூடட்டும். மற்றவை ‘புதிது’ என்ற நிலையிலேயே உங்கள் பார்வைக்குக் காத்திருக்கட்டும். நேரத்தை ஒப்பிடும்போது ஒரு கண்ணி இருக்கிறது. ஏபிஐ தருவது உலகப் பொது நேரம். நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் கூடுதலாகக் காட்டும். பிற்பகல் 2 முதல் 6 வரை என்று எண்ணி 14, 18 என்ற எண்களை அப்படியே எழுதினால், இரவு 7.30 முதல் 11.30 வரை வரும் எச்சரிக்கைகளை, அதாவது கிடங்கு பூட்டிய பின் வருபவற்றை, ஸ்கிரிப்ட் மூடிக்கொண்டிருக்கும். நீங்கள் எழுத வேண்டியது 8.30, 12.30.

ஒரே தொகுப்பாக 20 கோரிக்கைகள் வரை அனுப்பலாம். தொகுப்புக்கு 200 (வெற்றி) என்று விடை வந்தாலும் உள்ளே ஒவ்வொன்றுக்கும் தனி விடை உண்டு. அதையும் படிக்க வேண்டும். 429 (கோரிக்கைகள் மிகுந்துவிட்டன) வந்தால் வழங்கி சொல்லும் நொடிகள் வரை காத்திருந்து மீண்டும் அனுப்புங்கள்.

மூன்றும் பொருந்தாத ஒன்று உண்மையான ஊடுருவல் என்று தெரிந்தால், இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும்; பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் அதே உத்தரவு கேட்கிறது.

கேள்வி: இத்தகைய திருத்தங்களுக்கு புட் கோரிக்கையை ஏன் பயன்படுத்துவதில்லை?
(கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பதில்: புட் என்பது பழையதை எடுத்துவிட்டு முழுப் பதிவையும் புதிதாக வைப்பது. 2010இல் தரப்படுத்தப்பட்ட பேட்ச், மாற வேண்டிய புலத்தை மட்டும் அனுப்பப் பயன்படுவது. எச்சரிக்கையில் ஐபி, நேரம், சான்றுகள் ஆகியவை நம் கை படக் கூடாதவை. அவற்றையும் சேர்த்துத் திருப்பி அனுப்புமாறு கேட்பது, வங்கிக் கணக்கில் முகவரியை மாற்ற வந்தவரிடம் பாஸ்புக் முழுவதையும் எழுதித் தரச் சொல்வதற்கு ஒப்பாகும்.