தற்கொலை பற்றிப் பேசும் இணையக் குழுவில் என் தம்பி இருக்கிறான், கைப்பேசியைப் பறித்துவிடலாமா?

கேள்வி: நாங்கள் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப் பட்டணத்தில் இருக்கிறோம். தம்பிக்கு 19 வயது. சாக வேண்டும் என்று பேசிக்கொள்கிறவர்கள் கூடும் ஓர் இணையக் குழுவில் இரவெல்லாம் விழித்திருக்கிறான். தற்செயலாகத்தான் பார்த்தேன். அப்பாவிடம் சொன்னால் போனை உடைத்துவிடுவார். நான் என்ன செய்வது?

பதில்:

போனைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். முதலில் அவனிடம் பேசுங்கள், அதுவும் இன்றைக்கே.

நான் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். லயத்து வீட்டில் பிறந்து, ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை போட்ட காலத்தில் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்த குடும்பம். அரசாங்கக் கிளினிக்கில் மிஸியாக, அதாவது தாதியாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். என் அண்ணன் மகனும் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட குழுவில் இருந்தான். இப்போது ஈப்போவில் நல்லபடியாக வேலை செய்கிறான். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பேசுவது என்றால் சுற்றி வளைக்காமல் பேச வேண்டும். "தம்பி, ஒன்னு கேக்கறேன், மறைக்காம சொல்லு. செத்துடலாம்னு தோணுதா உனக்கு?" இவ்வளவுதான் கேள்வி. இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று எல்லாருக்கும் பயம் இருக்கிறது. அது வீண் பயம். நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை என்றுதான் இதை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கேட்டதும் பாரம் இறங்கியதுபோல் அழுதவர்களைக் கிளினிக்கில் நானே பார்த்திருக்கிறேன். "தப்பான எண்ணம் எதுவும் இல்லையே?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இல்லை என்ற பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்தால், அவன் அதையே எடுத்து நம்மிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான்.

அண்ணன் மகனிடம் நான் கேட்டது வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கிற இடத்தில். அப்போது அவனுக்குத் தோட்டத்தில் குலை ஏற்றும் வேலை. சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து பூட்ஸில் காய்ந்துபோன சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான். கேட்டதும் குச்சி நின்றது. ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் தலையைத் தூக்காமலே, "தினமும் இல்ல அத்தை" என்றான்.

அந்தப் பதிலைக் கேட்கும்போது நமக்கு அடிவயிறு கலங்கும். கலங்கட்டும், முகத்தில் மட்டும் காட்டாதீர்கள். அடுத்ததையும் கேட்டுவிட வேண்டும்: எப்படி, எப்போது என்று ஏதாவது முடிவு செய்து வைத்திருக்கிறானா? நாள் குறித்திருந்தாலோ, அதற்கானதைக் கையில் எடுத்து வைத்திருந்தாலோ, அவனை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். அருகிலிருக்கும் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், இல்லையென்றால் 999க்கு அடியுங்கள். அந்த நேரத்தில் விடியட்டும் பார்ப்போம் என்று இருக்கக்கூடாது.

எங்கள் பையன் அந்தக் குழுவுக்குப் போனதற்குக் காரணம் ஆலோங் கடன், அதாவது உரிமம் இல்லாத வட்டிக்காரனிடம் வாங்கிய கடன். மோட்டார் சைக்கிளுக்காக வாங்கியது, வட்டி குட்டி போட்டு அவன் சம்பளத்தைத் தாண்டிவிட்டது. வீட்டில் வாயைத் திறந்தால் "உனக்கு என்னடா குறை, நாங்க பால்மரம் வெட்டின காலத்துல" என்று ஆரம்பித்துவிடுவார்கள். குழுவில் அப்படி யாரும் ஆரம்பிக்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுதினாலும் யாராவது பதில் போட்டார்கள். எனக்கு அவன் காட்டியதில் பாதிப் பேர் அவனைப்போன்ற பிள்ளைகள்தான், ஜொகூரிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து, தமிழ்நாட்டிலிருந்து. "சாப்பிட்டியா ப்ரோ" என்று ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கொள்கிறார்கள். அதையும் நான் படித்தேன். அதனால்தான் போனைப் பிடுங்கி எறிவது எனக்குச் சம்மதமில்லை. அந்த நேரத்தில் அவனுக்குப் பதில் சொல்ல இருந்த ஒரே இடத்தையும் நாம் அடைத்துவிட்டு, பதிலுக்கு எதுவும் வைக்காமல் போனால், இருட்டில் அவன் இன்னும் தனியாகத்தான் கிடப்பான். உதவி எண்ணுக்கு அழைப்பதற்கும் அவனுக்கு அந்தப் போன்தான் வேண்டும்.

ஆனால் அதே குழுவிலிருந்து ஓர் ஆள் அவனுக்குத் தனியாக எழுதிக்கொண்டிருந்தான். "வீட்ல யார்கிட்டயும் சொல்லாத, சொன்னா தடுத்துடுவாங்க. தனியா போக பயமா இருந்தா நானும் வர்றேன்." இதைப் படித்தபோது என் கை நடுங்கியது. இந்தமாதிரி ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்கள், நீதிமன்றம் வரைக்கும் வந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு முன்னாள் ஆண் தாதி, தானும் சாக விரும்பும் இளம்பெண் என்று நடித்து, பிரிட்டனிலும் கனடாவிலும் இருந்தவர்களைச் சாவை நோக்கித் தள்ளினான். 2011-இல் அவனைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தார்கள். ஜப்பானின் ஸாமா நகரில் 2017-இல் பிடிபட்டவன் இன்னும் கொடியவன். சாக வேண்டும் என்று ட்விட்டரில் எழுதியவர்களைத் தேடிப் பிடித்து, நான் உதவுகிறேன் என்று வரவழைத்து ஒன்பது பேரைக் கொன்றான். அவர்களே சம்மதித்துத்தான் வந்தார்கள் என்று அவன் தரப்பு வாதாடியது. கொல்லப்பட்டவர்களில் ஒருவர்கூடச் சாவுக்குச் சம்மதிக்கவில்லை என்று 2020 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. அவனுக்கு மரண தண்டனை விதித்து, 2025-இல் நிறைவேற்றியும் விட்டார்கள்.

அந்தத் தீர்ப்பை உங்கள் அப்பாவுக்கும் சொல்லுங்கள். சாகணும் என்று எழுதியவர்கள்தான் அத்தனை பேரும். அவர்களுக்கு வேண்டியிருந்தது வேறு. தன் வேதனையைப் புரிந்துகொள்ளும் ஓர் ஆள் கிடைத்துவிட்டார் என்று நம்பித்தான் போயிருக்கிறார்கள். உங்கள் தம்பியும் அதைத் தேடித்தான் அங்கே விழித்திருக்கிறான் என்று நான் நம்புகிறேன்.

ஆகவே குழுவை அவனோடு சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். பிடுங்கிப் பார்க்காதீர்கள், காட்டச் சொல்லுங்கள். வேதனையைக் கொட்டுவதும் ஆறுதல் சொல்வதும் மட்டும் நடந்தால், உடனே வெளியேறு என்று மல்லுக்கட்ட வேண்டாம். வழிமுறை சொல்லித் தருகிறார்களா, நாள் குறிக்கச் சொல்கிறார்களா, சேர்ந்து போகலாம் என்கிறார்களா, வீட்டாரிடம் மறைக்கச் சொல்கிறார்களா? இதில் ஒன்று இருந்தாலும் பேச்சே வேண்டாம், அன்றைக்கே வெளியேற வேண்டும். வெளியேறுவதற்கு முன் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தளத்திலேயே புகார் கொடுங்கள், தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்.சி.எம்.சி.யிலும் போலீசிலும் கொடுங்கள். தற்கொலைக்குத் தூண்டுவது இன்றும் நம் நாட்டில் குற்றம்தான். 2026 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் இணையப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் தங்களையே வருத்திக்கொள்ளத் தூண்டும் பதிவுகளைத் தீங்கான பதிவுகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நல்லதுதான். உங்கள் தம்பிக்கு 19 வயது, பிள்ளைகள் கணக்கில் வரமாட்டான். அதனால் சட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திருக்க முடியாது.

அவனுக்கு வரும் வீடியோக்களையும் கவனியுங்கள். சோகமானதில் ஒன்றைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் அதே மாதிரி இன்னும் பத்து வந்து விழும். பிரிட்டனில் 2017-இல் 14 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்த வழக்கில், அவள் பார்த்த இணையப் பதிவுகளுக்கும் அந்தச் சாவில் பங்கு உண்டு என்று மரண விசாரணை அதிகாரி 2022-இல் பதிவு செய்தார். கணக்கை மாற்றுவதா, பரிந்துரைகளை அழிப்பதா என்று அவனோடு சேர்ந்தே முடிவு செய்யுங்கள்.

இனி அப்பா. சொல்லத்தான் வேண்டும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று தம்பிக்குச் சத்தியம் மட்டும் செய்து கொடுக்காதீர்கள். "அப்பாகிட்ட சொல்லணும்டா, எப்படிச் சொல்லலாம்னு நீயே சொல்லு" என்று அவனிடமே கேளுங்கள். அப்பா கோபக்காரர் என்றால் முதலில் அவர் யார் பேச்சைக் கேட்பாரோ அந்த ஆளிடம், மாமாவோ சித்தப்பாவோ, சொல்லி அவரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். குலைக்கிற நாய் கடிக்காது, இப்படிப் பேசுகிறவன் செய்யமாட்டான் என்று யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள், பலரும் முன்கூட்டியே ஏதோ ஒரு விதத்தில் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். நினைத்தவன் எப்படியும் செய்வான் என்றும் சொல்வார்கள். அதுவும் தவறு. அமெரிக்காவில் தற்கொலை முயற்சியின்போது தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரைப் பல வருடங்கள் கழித்துத் தேடிப் பார்த்தார்கள். 1978-இல் வந்த அந்த ஆய்வின்படி ஏறக்குறைய 94 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள் அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள்.

தோட்டப் பக்கத்து வீடுகளுக்கு இதில் ஒரு தனிக் கவனம் வேண்டும். நம் வீடுகளில் பூச்சிமருந்து, களைக்கொல்லி அடிக்கிற வேலைக்கென்று கொண்டுவந்ததில் மிச்சம், படிக்கட்டுக்கு அடியிலோ கோழிக்கூட்டுப் பக்கத்திலோ கிடக்கும். இன்றைக்கே அத்தனையையும் அப்புறப்படுத்துங்கள், தோட்டத்து ஸ்டோரிலேயே வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்துங்கள். இலங்கையில் மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு, 1990-களின் நடுவில் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இறங்கியது. கைக்கு எட்டாமல் செய்தாலே அந்த மோசமான சில மணி நேரத்தைக் கடந்துவிடுகிறார்கள். நம் நாட்டிலும் அப்படியொரு களைக்கொல்லியை 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டார்கள்.

மருத்துவமனைக்குப் போக ஊரில் இரண்டு பயம். ஒன்று போலீஸ். தற்கொலை முயற்சிக்கு ஒரு வருடம் வரை சிறை என்று சொன்ன தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு 2023 செப்டம்பர் 11 முதல் கிடையாது. உதவி கேட்டு வருகிறவனை யாரும் பிடித்து அடைக்கமாட்டார்கள். இது இன்னும் நிறைய வீடுகளுக்குத் தெரியாது, தயவுசெய்து எடுத்துச் சொல்லுங்கள். இன்னொன்று தஞ்சோங் ரம்புத்தான், மனநல மருத்துவமனை இருக்கிற ஊர். இந்தப் பக்கத்தில் பிறந்த எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் பிள்ளைகளைக் கேலி செய்திருக்கிறோம். மனம் சரியில்லை என்று கிளினிக்குக்கு வந்த பெரும்பாலானவர்களை நாங்கள் எங்கும் படுக்கையில் போடவில்லை. டாக்டர் பேசுவார், தேவைப்பட்டால் மருந்து எழுதுவார், நிபுணரிடம் கடிதம் கொடுத்து அனுப்புவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஊர் என்ன சொல்லும் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 ஜூலையில் கோலாலம்பூரில் டிக்டோக்கில் இயங்கிவந்த நம் தமிழ்ப் பெண் ஒருவர் இணையத்தில் தாக்கப்பட்டு உயிரை விட்டார். அந்த விவகாரத்தில் ஒருவருக்கு விதித்த அபராதம் 100 ரிங்கிட் என்று கேட்டு நாடே கொதித்தது. அதற்குப் பிறகு தண்டனைச் சட்டத்தில் பகடிவதைக்கு, அதாவது பிறரைச் சீண்டித் துன்புறுத்துவதற்கு, எதிராகப் புதிய பிரிவுகள் வந்து, 2025 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கின்றன. ஆனால் நம் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் யாராவது இறந்தால் வீட்டு வாசலில் எடுத்த படத்தை அனுப்புவதும், எப்படிச் செய்தார் என்று விவரம் கேட்பதும் நின்றபாடில்லை. அதே படத்தைப் பார்த்துக்கொண்டு உங்கள் தம்பியைப்போல் யாரோ ஒருவர் விழித்திருக்கிறார். உங்கள் குழுவில் வந்தால் அழிக்கச் சொல்லுங்கள், சண்டை வந்தாலும் பரவாயில்லை.

எண்களை எழுதிக்கொள்ளுங்கள். பிஃபிரண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லாமல் கேட்பார்கள், பெயர் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் பேச யாராவது இருக்கிறார்களா என்று முதலிலேயே கேளுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் ஹீல் 15555. அரசாங்கத்தின் இன்னொரு உதவி எண் தாலியான் காசே 15999. தம்பியின் போனில் இவற்றை நீங்களே பதிந்து கொடுங்கள். நீங்களும் அழைக்கலாம். அக்காவோ அண்ணனோ, நீங்களும் தூங்காமல்தானே இந்தக் கேள்வியை எழுதியிருக்கிறீர்கள்.

இரவில் அவனுக்குப் பதில் சொல்ல வீட்டில் யாராவது இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் நானும் அண்ணியும் மாறி மாறி இருந்தோம். "எந்த நேரமானாலும் எழுப்பு" என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்தாமல் படுத்தோம். ஆலோங் கடனுக்கு அண்ணன் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார், போலீசிலும் புகார் கொடுத்தார். அது தீரும் வரை பையன் முழுசாகத் தெளியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆறுதல் மட்டும் போதாது, எது அவன் கழுத்தைப் பிடித்திருக்கிறதோ அதையும் யாராவது கையில் எடுத்துத் தீர்க்க வேண்டும். உங்கள் தம்பிக்கு அது என்ன என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அரசாங்கக் கிளினிக்கில் நம் நாட்டவருக்குப் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான், நிபுணர் என்றால் ஐந்து. முதல் தடவை நீங்களே கூடப் போங்கள். அவன் சம்மதித்தால் டாக்டர் அறைக்குள்ளும் போய், குழுவைப் பற்றி மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். முதல் தடவை வந்துவிட்டு இரண்டாவது தடவை வராமல் போகிறவர்கள்தான் நிறைய. திரும்ப வரச் சொல்லிக் கொடுக்கும் அட்டையில் தேதியைப் பார்த்து, அன்றைக்கு யார் வேலைக்கு லீவு போட்டு அவனைக் கூட்டிப் போவது என்று கிளினிக் வாசலிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள்.